வீட்டில் கோழி வளர்ப்போர் கவனத்திற்கு: இறந்த பறவையைத் தொடும் முன் அறிய வேண்டியவை

பெங்களூரு: ஆந்திரப் பிரதேச மாநிலம் பல்நாடு மாவட்டம் நரசராவ்பேட்டையைச் சேர்ந்த 2 வயதுப் பெண் குழந்தை ஒன்று, 2025 மார்ச் 16 அன்று மங்களகிரி எய்ம்ஸ் மருத்துவமனையில் உயிரிழந்தது. அக்குழந்தைக்கு எச்5என்1 பறவைக் காய்ச்சல் தொற்று இருந்ததை புனேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனம் உறுதி செய்தது. வீட்டில் கோழி இறைச்சியை நறுக்கியபோது குழந்தை ஒரு பச்சைத் துண்டை வாயில் போட்டுக்கொண்டதாகக் குடும்பத்தினர் தெரிவித்ததாகச் செய்திகள் வெளியாகின.

ஏறத்தாழ அதே காலகட்டத்தில், பெங்களூருவிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சிக்கபள்ளாபூர் மாவட்டம் வரதஹள்ளி கிராமத்தில் வீட்டுக் கோழிகள் அடுத்தடுத்து இறந்தன. அங்கும் பறவைக் காய்ச்சல் உறுதியானது. பெங்களூரு நகரமும் இதற்கு விலக்கல்ல. 2012 அக்டோபரில் ஹெசரகட்டாவில் உள்ள மத்திய அரசின் கோழி வளர்ப்பு மேம்பாட்டு நிறுவனத்தில் வான்கோழிகள் இறந்ததைத் தொடர்ந்து எச்5என்1 கண்டறியப்பட்டது. 2017 டிசம்பர் இறுதியில் தாசரஹள்ளியில் எச்5என்8 வகைப் பறவைக் காய்ச்சல் வைரஸ் தென்பட்டது. அங்கிருந்த 951 பறவைகளில் 9 பறவைகள் மட்டுமே நோயால் இறந்தன. எஞ்சியவை தொற்று பரவாமல் இருக்க அழிக்கப்பட்டன.

மேற்கண்ட நிகழ்வுகளில் தாசரஹள்ளி, வரதஹள்ளி ஆகிய இரண்டும் ஆயிரக்கணக்கான கோழிகளைக் கொண்ட பெரும் பண்ணைகளில் நிகழ்ந்தவை அல்ல. பெரும் பண்ணைகளில் வேலி, கிருமிநாசினித் தொட்டி, தனிக் காலணி, கால்நடை மருத்துவர் என ஓர் ஒழுங்கு இருக்கும். நான்கைந்து கோழிகளை மாடியிலோ கொல்லையிலோ வளர்க்கும் வீட்டில் இவற்றில் எதுவும் இருப்பதில்லை. அங்கு கோழிக்கும் குழந்தைக்கும் ஒரே முற்றம்தான்.

பெங்களூருவில் வீட்டுக் கோழி வளர்ப்பு புதிதன்று. இந்நகரின் ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரியில் உருவாக்கப்பட்ட 'கிரிராஜா' இனம், புறக்கடையில் வளர்ப்பதற்கென்றே உருவானது. பிற மாநிலங்களிலும் அது பரவலாக அறியப்பட்ட இனமாகும். ஆகவே கோழி வளர்க்காதீர்கள் என்று சொல்வது இக்கட்டுரையின் நோக்கமல்ல. முட்டைக்காகவும், பொழுதுபோக்கிற்காகவும், குழந்தைகளின் ஆசைக்காகவும் கோழி வளர்ப்போர், எங்கே கைகழுவ வேண்டும், எதைத் தொடக்கூடாது, யாரிடம் சொல்ல வேண்டும் என்பதைத் தெரிந்து வைத்திருந்தால் ஆபத்தின் பெரும்பகுதி விலகிவிடும்.

நலமாகத் தெரியும் கோழியும் நோய் தரும்

பறவைக் காய்ச்சல் என்ற பெயரே அச்சம் தருவதால், அன்றாடம் நிகழும் வேறொரு தொற்று கவனத்திலிருந்து தப்பிவிடுகிறது. அது சால்மோனெல்லா. இந்த பாக்டீரியா கோழியின் குடலில் எவ்விதத் தொல்லையும் தராமல் வாழக்கூடியது. கோழி நன்றாக மேயும், முட்டையிடும், கொண்டை சிவந்து இருக்கும். ஆனாலும் அதன் எச்சத்தில் கிருமி வெளியேறிக்கொண்டே இருக்கும். எச்சத்திலிருந்து இறகுக்கும், கால்களுக்கும், அலகுக்கும், கூண்டுக் கம்பிக்கும், முட்டை ஓட்டுக்கும் அது எளிதில் பரவுகிறது.

அமெரிக்காவில் வீட்டுக் கோழி வளர்ப்பு பெருகிய 2020-ஆம் ஆண்டில், வீட்டுப் பறவைகள் மூலம் சால்மோனெல்லா தொற்றியதாக 1,700-க்கும் மேற்பட்டோர் கண்டறியப்பட்டனர் என்று அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் தெரிவித்தது. பொதுமுடக்கக் காலத்தில் புதிதாகக் கோழி வாங்கியோர் பலர். கோழியை முத்தமிடுவது, மடியில் வைத்துக்கொண்டு உணவு உண்பது, கூண்டைக் கழுவிய கையோடு சமையலறைக்குள் நுழைவது போன்ற பழக்கங்களை அம்மையம் தொடர்ந்து எச்சரித்து வருகிறது.

கிருமி உடலுக்குள் சென்ற 6 மணி நேரத்திலிருந்து 6 நாட்களுக்குள் வயிற்றுப்போக்கு, காய்ச்சல், வயிற்றுவலி ஆகியவை தோன்றும். பெரும்பாலானோர் ஒரு வாரத்தில் தேறிவிடுவர். ஆனால் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், 65 வயதைக் கடந்தோர், கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தோர் ஆகியோருக்கு அது இரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

கோழிகளின் குடலில் வாழும் மற்றொரு பாக்டீரியா கேம்பைலோபாக்டர். 2025 தொடக்கத்தில் புனேயில் கில்லன்–பாரே நரம்பு நோய் பலரைத் தாக்கியபோது, நோயாளிகள் சிலரின் மாதிரிகளில் இந்தக் கிருமி காணப்பட்டது. அங்கு அசுத்தமான குடிநீரே முக்கியக் காரணியாகச் சந்தேகிக்கப்பட்டது. இந்தத் தண்ணீர் விஷயம் பெங்களூருவாசிகளுக்கும் பொருந்தும்.

குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட மனைகளில் உள்ள கட்டடங்களுக்கு இந்நகரில் 2009-ஆம் ஆண்டிலேயே மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. மாடியில் விழும் மழைநீர் குழாய் வழியாகக் கீழ்த்தொட்டிக்குச் செல்லும் வீடுகள் ஏராளம். அதே மாடியில் கோழிக் கூண்டு இருந்தால், முதல் மழையில் எச்சம் எங்கே போய்ச் சேரும் என்பதை விளக்க வேண்டியதில்லை. கூண்டு உள்ள மாடியின் மழைநீரைக் குடிக்கவோ சமைக்கவோ பயன்படும் தொட்டிக்கு விடக்கூடாது. மேல்நிலைத் தொட்டியின் மூடி எப்போதும் இறுக மூடியிருக்க வேண்டும். கோழி வளர்ப்பு பற்றிய பொதுவான அறிவுரைகளில் இது இடம்பெறுவது அரிது என்பதால் இங்கே சற்று அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது.

வண்ணக் குஞ்சுகளும் சின்னக் கைகளும்

சந்தைகளிலும் தெருவோரங்களிலும் பச்சை, இளஞ்சிவப்பு, ஊதா எனச் சாயம் ஏற்றப்பட்டு விற்கப்படும் குஞ்சுகள் பலருக்கும் தெரிந்தவையே. இவற்றில் பெரும்பாலானவை முட்டைக்கோழி இனத்தின் ஆண் குஞ்சுகள். முட்டையிடாது, இறைச்சிக்கும் விரைந்து வளராது என்பதால் பொரிப்பகங்கள் இவற்றைக் கழித்துவிடுகின்றன. நெருக்கமான பெட்டிகளில் பயணித்து, வெயிலிலும் பசியிலும் தளர்ந்த குஞ்சு நோய்க்கு எளிதில் இடம் கொடுக்கும். அது நேராகப் போய்ச் சேர்வது ஒரு குழந்தையின் உள்ளங்கைக்கு.

குழந்தை குஞ்சைக் கன்னத்தில் வைத்துக் கொஞ்சும், முத்தமிடும், பின்னர் விரலை வாயில் வைக்கும். கிருமிக்கு இதைவிடக் குறுக்கு வழி இல்லை. 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் குஞ்சுகளையும் கோழிகளையும் கையால் தொடாமல் இருப்பதே நல்லது என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. அதற்கு மேற்பட்ட வயதினர் பெரியவர் ஒருவரின் கண்காணிப்பில் தொடலாம். தொட்டவுடன் சோப்புப் போட்டு 20 விநாடிகள் கைகழுவ வேண்டும். வெறும் தண்ணீரில் கையை நனைத்துக்கொள்வதும், மஞ்சள் நீரில் தோய்ப்பதும் சோப்புக்கு ஈடாகாது.

மேற்கு வங்கத்தைச் சேர்ந்த 4 வயதுக் குழந்தைக்கு எச்9என்2 வகைப் பறவைக் காய்ச்சல் தொற்றியதை உலக சுகாதார அமைப்பு 2024 ஜூன் மாதம் அறிவித்தது. வீட்டிலும் சுற்றுப்புறத்திலும் கோழிகளுடன் அக்குழந்தைக்குத் தொடர்பு இருந்தது. கடும் மூச்சுத் திணறலுடன் நீண்ட நாட்கள் சிகிச்சை பெற்று அக்குழந்தை வீடு திரும்பியது. எச்9என்2 கோழிகளில் பெரும்பாலும் லேசான நோயையே உண்டாக்கும் என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். கோழிக்கு லேசானது குழந்தைக்கும் லேசாகவே இருக்கும் என்று கருத முடியாது.

வைரஸ் எப்படி மாடிக்கு வருகிறது?

எச்5என்1 வைரஸின் இயற்கையான உறைவிடம் காட்டு வாத்து போன்ற நீர்ப்பறவைகள். இந்தியாவில் இந்நோய் கோழிகளிடையே முதன்முதலாக 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிர மாநிலம் நந்துர்பார் மாவட்டம் நவாப்பூரில் கண்டறியப்பட்டது. அதன் பின்னர் வலசைப் பறவைகள் வரும் குளிர்காலத்தையொட்டியே பெரும்பாலான பரவல்கள் பதிவாகியுள்ளன. பெங்களூருவின் ஏரிகளுக்கும் அப்பருவத்தில் நீர்ப்பறவைகள் வருகின்றன.

வாத்து நேரடியாக மாடிக்கு வந்துவிடாது. ஆனால் காகம், மைனா போன்றவை கோழியின் தீவனத் தட்டில் பங்கு கேட்டு வரும். அவற்றின் எச்சம் தண்ணீர்ப் பாத்திரத்தில் விழும். சந்தையிலிருந்து புதிதாக வாங்கிவந்த கோழியும், சந்தைக்குச் சென்று திரும்பிய செருப்பும் கிருமியைச் சுமந்து வரலாம். எனவே தீவனமும் தண்ணீரும் கூரையும் வலையும் உள்ள இடத்தில் இருக்க வேண்டும். கூண்டுக்கென்று தனிச் செருப்பு வைத்துக்கொள்வது செலவில்லாத பாதுகாப்பு. புதிய கோழியைக் குறைந்தது 2 வாரம், இயன்றால் ஒரு மாதம் தனியே வைத்துப் பார்த்த பிறகே பழைய கோழிகளுடன் சேர்க்க வேண்டும்.

கூண்டைச் சுத்தம் செய்யும் முறையிலும் ஒரு தவறு பரவலாக உள்ளது. காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்கும்போது எழும் தூசியே மூச்சுக்குள் செல்கிறது. பறவைக் காய்ச்சல் வைரஸ் மட்டுமின்றி, எச்சம் கலந்த மண்ணில் வளரும் சில பூஞ்சைகளும் இவ்வழியே நுரையீரலைத் தாக்கும். முதலில் தண்ணீர் தெளித்து நனைத்து, முகக்கவசமும் கையுறையும் அணிந்து எச்சத்தை அள்ள வேண்டும். அழுக்கை நீக்கிக் கழுவிய பிறகே பிளீச்சிங் பவுடர் கரைசலைத் தெளிக்க வேண்டும். எச்சத்தின் மேலேயே தெளித்தால் அதன் வீரியம் வீணாகும். கூண்டின் தட்டுகளைச் சமையலறைத் தொட்டியில் கழுவுவதைத் தவிர்க்க வேண்டும்.

ஆஃப் பாயில் பிரியர்களுக்கு

வீட்டில் இட்ட முட்டை தூய்மையானது என்ற நம்பிக்கையில் பச்சையாகக் குடிப்போரும், பாலில் கலந்து குழந்தைக்குக் கொடுப்போரும் உண்டு. சால்மோனெல்லாவுக்கு வீட்டு முட்டை, கடை முட்டை என்ற வேறுபாடு கிடையாது. மஞ்சள் கரு இறுகும் வரை வேகவைத்தால் கிருமி அழியும். ஆஃப் பாயிலில் அந்த உறுதி இல்லை. முட்டையில் எச்சம் ஒட்டியிருந்தால் உலர்ந்த துணியாலோ தூரிகையாலோ துடைப்பது போதும். குளிர்ந்த நீரில் கழுவினால் ஓட்டின் நுண்துளைகள் வழியாகக் கிருமி உள்ளே இழுக்கப்படக்கூடும். விரிசல் விட்ட முட்டைகளை அகற்றிவிட வேண்டும்.

இறைச்சியைப் பொறுத்தவரை, உட்பகுதி வரை 70 டிகிரி செல்சியஸ் வெப்பம் சென்றால் பறவைக் காய்ச்சல் வைரஸ் அழிந்துவிடும். நன்கு வேகவைத்த கோழிக்கறியும் முட்டையும் பாதுகாப்பானவை என்பதில் ஐயமில்லை. ஆபத்து குழம்பில் இல்லை. அறுப்பதிலும், இறகு பறிப்பதிலும், குடலைச் சுத்தம் செய்வதிலும், பச்சை இறைச்சி பட்ட கத்தியிலும் பலகையிலும் இருக்கிறது. அந்த வேலை நடக்கும் இடத்திலிருந்து குழந்தைகளை அப்புறப்படுத்துவது, நரசராவ்பேட்டை நிகழ்வுக்குப் பின் தனியே வலியுறுத்த வேண்டிய ஒன்றாகிவிட்டது.

கோழிக்குச் சளி பிடித்தால் மருந்துக் கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கித் தண்ணீரில் கலக்கும் வழக்கமும் கைவிடப்பட வேண்டும். மனிதர்களுக்குக் கடைசிக்கட்ட மருந்தாகப் பயன்படும் கோலிஸ்டினை, உணவுக்காக வளர்க்கப்படும் விலங்குகளுக்கும் கோழிகளுக்கும் பயன்படுத்த இந்திய அரசு 2019-இல் தடை விதித்தது. மருந்து கொடுத்த கோழியின் முட்டையை எத்தனை நாள் உண்ணக்கூடாது என்பதைக் கால்நடை மருத்துவரே கூற முடியும்.

காலையில் ஒரு கோழி இறந்து கிடந்தால்

கொண்டையும் தாடியும் நீலம் பாரித்தல், முகம் வீங்குதல், கால்களில் இரத்தக் கசிவு போன்ற சிவப்பு, தோல்முட்டை இடுதல், தீவனம் எடுக்காமை, எவ்வித அறிகுறியும் இன்றித் திடீர் மரணம் ஆகியவை பறவைக் காய்ச்சலின் அடையாளங்கள். கழுத்து முறுக்கிக்கொள்ளுதல், பச்சையும் வெள்ளையுமாகக் கழிதல் ஆகியவை ராணிக்கெட் எனப்படும் வெள்ளைக் கழிச்சல் நோயின் அடையாளங்கள்.

உத்தரகண்ட் மாநிலத்தின் ராணிக்கெட் நகரின் பெயரைத் தாங்கிய இந்த நோய், கோழிகளுக்குக் கொடியது; மனிதர்களுக்குக் கண் சிவந்து எரிவதோடு பெரும்பாலும் நின்றுவிடும். இதற்குத் தடுப்பு மருந்து உண்டு. குஞ்சு பொரித்த முதல் வாரத்திலேயே கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தாக இடலாம். பின்னர் உரிய வயதில் ஊசியும் போடப்படுகிறது. தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் பிப்ரவரியில் இதற்கெனக் கால்நடைத் துறை முகாம்களை நடத்துகிறது. சொட்டு மருந்து இடுவோர் அது தம் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சிக்கல் எங்கே எழுகிறது என்றால், இவ்விரு நோய்களையும் கண்ணால் பார்த்துப் பிரித்தறிய இயலாது. அனுபவம் வாய்ந்த கால்நடை மருத்துவரும் ஆய்வக முடிவுக்காகவே காத்திருப்பார். ஆனால் வீடுகளில், 'இது வழக்கமான கழிச்சல்தான்' என்று முடிவு கட்டிவிடுகின்றனர். அதன் பின் நடப்பது இரண்டில் ஒன்று: நோயுற்ற கோழி சாகும் முன் அறுத்துக் குழம்பாகிறது, அல்லது இறந்த கோழி பையில் கட்டப்பட்டு ராஜகால்வாயிலோ ஏரிக்கரையிலோ காலி மனையிலோ வீசப்படுகிறது. முதலாவது, அறுப்பவரையும் அருகில் நிற்கும் குழந்தையையும் நேரடியாக வைரஸுக்கு முன் நிறுத்துகிறது. கம்போடியாவில் கடந்த சில ஆண்டுகளில் எச்5என்1 தொற்றியோரில் பலர் நோயுற்ற அல்லது இறந்த வீட்டுக் கோழிகளைக் கையாண்டவர்களே. இரண்டாவது, தெருநாய்க்கும் பூனைக்கும் காகத்திற்கும் வைரஸைப் பரிமாறுகிறது. 2025 ஜனவரியில் நாக்பூர் கோரேவாடா மையத்தில் 3 புலிகளும் ஒரு சிறுத்தையும் இறந்ததற்கு எச்5என்1 காரணம் என்று கண்டறியப்பட்டதை நினைத்துப் பார்த்தால், பூனை வளர்ப்போரும் கவலைப்பட வேண்டியது புரியும்.

எனவே இறந்த பறவையை வெறுங்கையால் தொடக்கூடாது. மற்றக் கோழிகளை அங்கிருந்து வேறு வீட்டுக்கு அனுப்பவோ அவசரமாக விற்கவோ கூடாது. ஒன்றுக்கு மேற்பட்ட பறவைகள் அடுத்தடுத்து இறந்தால் அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனைக்கு உடனே தெரிவிக்க வேண்டும். கால்நடை அவசர உதவிக்கான 1962 என்ற கட்டணமில்லா எண்ணையும் அழைக்கலாம். அவர்கள் வரும்வரை, கையுறையும் முகக்கவசமும் அணிந்து பறவையை இரட்டைப் பிளாஸ்டிக் பையில் இட்டுக் கட்டி, நாய், பூனை எட்டாத நிழலான இடத்தில் வைக்கலாம். பரிசோதனை தேவையில்லை என்று மருத்துவர் கூறினால், ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும்.

மாதிரிகள் போபாலில் உள்ள தேசிய உயர் பாதுகாப்பு விலங்கு நோய்கள் நிறுவனத்திற்கு அனுப்பப்படும். அங்கே பறவைக் காய்ச்சல் உறுதியானால், மத்திய அரசின் செயல் திட்டப்படி, நோய் கண்ட இடத்தைச் சுற்றி 1 கிலோமீட்டர் வரை தொற்றுப் பகுதியாகவும், 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்புப் பகுதியாகவும் அறிவிக்கப்படும். தொற்றுப் பகுதியில் உள்ள பறவைகள் அழிக்கப்படும். பெங்களூரு போன்ற நெருக்கமான நகரில் 1 கிலோமீட்டர் என்பது ஒரு முழுக் குடியிருப்பு. எங்கோ ஒரு தெருவில் மறைக்கப்பட்ட மரணத்திற்காக, நலமாக உள்ள வேறொருவரின் கோழிகளும் பலியாக நேரிடும்.

இந்த அச்சமே பலரை மௌனமாக்குகிறது. பெயரிட்டு, தீவனம் ஊட்டி வளர்த்த கோழியைக் கொல்ல யார்தான் ஆள் அழைப்பார் என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் அரசு இழப்பீடு தருவது அழிக்கப்படும் பறவைகளுக்குத்தான். அதற்கு முன்பே நோயால் இறந்துவிட்டவற்றுக்கு அல்ல. தாமதமாகச் சொல்வோருக்குக் கோழியும் மிஞ்சாது, இழப்பீடும் கிடைக்காது. கணக்குப் பார்த்தாலும் முதல் நாளே சொல்வதுதான் இலாபம்.

காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டியது

2003 முதல் 2025 வரை உலகெங்கும் 25 நாடுகளில் சுமார் 990 பேருக்கு எச்5என்1 தொற்றியதாக உலக சுகாதார அமைப்பின் பதிவுகள் காட்டுகின்றன. அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் உயிரிழந்தனர். லேசான பாதிப்புகள் பல கணக்கில் வராமல் போயிருக்கலாம் என்பதால், உண்மையான இறப்பு விகிதம் இதைவிடக் குறைவாக இருக்க வாய்ப்புண்டு. மனிதரிடமிருந்து மனிதருக்கு இந்த வைரஸ் எளிதாகப் பரவுவதில்லை. இந்தியாவில் பதிவான முதல் மனித மரணம், 2021 ஜூலையில் டெல்லி எய்ம்ஸில் உயிரிழந்த ஹரியானாவைச் சேர்ந்த சிறுவனுடையது.

நோயுற்ற அல்லது இறந்த பறவையைத் தொட்டவர்கள் அடுத்த 10 நாட்களுக்குத் தங்கள் உடல்நிலையைக் கவனித்து வர வேண்டும். காய்ச்சல், இருமல், தொண்டை வலி, கண் சிவத்தல், மூச்சுத் திணறல் ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் தாமதிக்கக்கூடாது. ஓசெல்டாமிவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மருந்துகள், அறிகுறி தோன்றிய 48 மணி நேரத்திற்குள் தொடங்கப்படும்போது நன்கு பயனளிக்கின்றன. சாதாரண சளிக் காய்ச்சல் என்று நினைத்துக் கழியும் இரண்டு நாட்கள் அந்த வாய்ப்பைக் குறைத்துவிடும்.

மருத்துவமனையில் காய்ச்சலையும் இருமலையும் சொல்வோர், வீட்டில் கோழி இறந்ததைச் சொல்ல நினைப்பதில்லை; மருத்துவரும் எல்லா நேரமும் கேட்பதில்லை. "எங்கள் வீட்டில் கோழி வளர்க்கிறோம், இந்த வாரம் இரண்டு இறந்தன, நான்தான் தூக்கிப் போட்டேன்" என்ற ஒரு வாக்கியம் போதும். எந்த மாதிரியை எடுப்பது, எந்த ஆய்வகத்திற்கு அனுப்புவது, எந்த மருந்தைத் தொடங்குவது என்பதை மருத்துவர் அதைக் கொண்டு முடிவு செய்வார்.